அல்வந்த் மலைக்கு ஒரு குளிர்காலம்

ஹமதான்
மெஹ்ர் மாதம் 20

அன்புள்ள மாப்பிள்ளை இஸ்கந்தருக்கு,

நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. தபால்காரருக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தேன்.

நஸ்தரன் எப்படி இருக்கிறாள்? பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்வருகிறாளா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போன வருடம் இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போனபோது அவள் முகம் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. இப்போது கொஞ்சம் ரத்தம் ஊறியிருக்கிறதா? அவள் எனக்கு எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என் மேல் கோபமா? கோபமாக இருந்தால் அதையாவது எழுதச் சொல்லுங்கள்.

என் சங்கதி ஒன்று உண்டு. சிரிக்கக் கூடாது. கோடையில் பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் பூங்கொத்தும் கொடுத்து, ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் கைக்கு வேலை இல்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே அல்வந்த் மலை. அதன் அடிவாரத்து ஊர்களிலெல்லாம் பிள்ளை எடுத்திருக்கிறேன். ஒரு நாளும் மேலே போனதில்லை. போன வாரம் பெண்கள் மலையேற்றக் குழுவுக்குப் போய் நின்றேன். தலைவி ஃபரங்கீஸ், உடற்பயிற்சி ஆசிரியை, முப்பது வயதிருக்கும்.

"அம்மா, மகளைச் சேர்க்க வந்தீங்களா?"

"மக பூஷெஹர்ல இருக்கா. நான்தான் சேரணும்."

"குளிர்காலத்துல ஏறுறது பூங்காவுல நடக்கிற மாதிரி இல்லம்மா."

"பனி கொட்டுறப்போ கழுதை மேல போய்ப் பிரசவம் பார்த்தவ நான். பூங்காவுலதான் நடந்ததே இல்ல."

சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டாள். நடுக்குளிரில், பஹ்மன் மாதத்தில் உச்சிக்குப் போகிறார்களாம். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி. நஸ்தரனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் இருவரையும் கடவுள் கையில் ஒப்படைத்து,
தூரான்


பூஷெஹர்
ஆபான் 4

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் முழங்காலின் சுகத்தை முதலில் விசாரிக்கிறேன், ஏனென்றால் இனி அதற்குத்தான் வேலை அதிகம். நாங்கள் நலம். நஸ்தரனும் நலம்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் விடுப்பு போட்டிருக்கிறாள். களைப்பு, வேறொன்றுமில்லை. இப்போது தூங்குகிறாள். அதனால்தான் அவள் எழுதவில்லை. கோபமெல்லாம் கிடையாது.

உங்கள் கடிதத்தைத் துறைமுகத்தில் படகு இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை பார்க்கும் ஹைதர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"என்னடா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"மாமியார் மலை ஏறப் போறாங்களாம். பனியில."

"உன்கிட்டேருந்து தப்பிக்க அவங்களுக்கு வேற வழியே தோணலியா?"

துறைமுகம் முழுக்கச் சிரிப்பு. நான் உங்களைத் தடுக்கப் போவதில்லை, தடுத்தால் நீங்கள் நிற்கப் போவதுமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள்.

இங்கே இன்னும் வெயில்தான். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டோம். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. பூஷெஹர்க்காரன் தினமும் உருளைக்கிழங்கு தின்கிறான் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் காலடி பத்திரமாக இருக்கட்டும்.
இஸ்கந்தர்


ஹமதான்
ஆபான் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்து நன்றி சொன்னேன், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு. நானும் சுகம்.

நீளமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். முதலில் பூட்ஸ். கடைவீதியில் பெண்கள் அளவில் மலைப் பூட்ஸ் கிடையாது. கடைசியில் பட்டாளத்து பூட்ஸ் விற்கிறவன் கடையில் ஒரு சோடி காலுக்குச் சேர்ந்தது. "மகன் பட்டாளத்துல இருக்கானாம்மா?" என்று கேட்டான். "நான்தான் போறேன், எதிரி யாருன்னு இன்னும் சொல்லல" என்றேன். விலையைக் குறைத்துவிட்டான்.

பருத்தித் துணி கூடவே கூடாதாம். வேர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அதுவே உறைந்து ஆளைக் கொல்லும். உடம்போடு கம்பளி, மேலே கம்பளி, அதற்கு மேலே காற்று புகாத சட்டை. வேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கழற்று, நிற்பதற்கு முன் ஒன்றைப் போடு. போன வெள்ளிக்கிழமை கஞ்ச்நாமே அருவிக்கு மேலே முதல் பனியில் நடந்தோம். நான் கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தேன். "அம்மா, இது துணிக்கடை இல்ல" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். ஷஹ்லா என்று பெயர், வங்கியில் வேலை. அவளும் என்னைப் போலப் புதுசுதான், வாய் மட்டும் பழசு.

ஃபரங்கீஸ் இன்னும் சில நல்ல பழக்கங்களைச் சொன்னாள். படுக்கும்போது இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும். எழும்போது சட்டென்று எழக் கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும். பாரம் தூக்கவே கூடாது. ஈரல் வாரம் ஒருமுறையாவது சாப்பிட வேண்டும். இதெல்லாம் மலைக்காகத்தான். ஆனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கும் கெடுதல் இல்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

அன்போடு,
தூரான்


பூஷெஹர்
ஆஸர் 2

மரியாதைக்குரிய அத்தைக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்காகக் காத்திருக்கிறோம். உங்கள் ஃபரங்கீஸ் சொன்னபடி இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். முதுகுவலி போய்விட்டது. ஈரலும் வாங்கிவந்து சமைத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது, ஆனால் தட்டு காலி.

துணிக்கடை விஷயத்தைப் படித்தபோது இங்கே ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டது. அதாவது நான்தான்.

அத்தை, நீங்கள் விழவே இல்லையா? யாராவது விழுந்தால் அதையும் எழுதுங்கள். எப்படி விழுந்தார்கள், எந்தப் பக்கம் விழுந்தார்கள், எழுந்து என்ன சொன்னார்கள், எல்லாம் வேண்டும். தபால் வரும் நாளுக்கு முந்தின நாளிலிருந்தே இந்த வீட்டில் வாசலைப் பார்க்கிறோம்.

பணிவுடன்,
இஸ்கந்தர்


ஹமதான்
ஆஸர் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் நலம். விழுந்தேன். போதுமா?

பனிக்கோடாலி என்று ஒன்று கொடுத்தார்கள். கைத்தடி மாதிரி ஊன்றிப் போக வேண்டும். சறுக்கினால் உடனே குப்புறப் புரண்டு, அதன் மூக்கை நெஞ்சுக்குக் கீழே பனியில் குத்தி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட வேண்டும். அப்படிச் செய்தால் நின்றுவிடுவோம். இதைக் கற்பதற்கு வேண்டுமென்றே சரிவில் விழ வேண்டும். இந்த வயதில் ஒருவர் என்னை வேண்டுமென்றே விழச் சொல்ல, நானும் சரி என்றேன்.

முதல் முறை மல்லாந்து போய்விட்டேன். புரளத் தெரியவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரையும் கடந்து போனேன். கடந்து போகும்போது ஷஹ்லா, "அம்மா, ஊருக்குப் போயி சேர்ந்ததும் கடுதாசி போடுங்க" என்று கத்தினாள். கீழே மெத்தென்ற பனியில் போய்ச் சொருகிக்கொண்டேன். வாய்க்குள் பனி, முக்காடு கழுத்தில், ஒரு கையுறையைக் காணோம். ஃபரங்கீஸ் ஓடிவந்தாள்.

"அம்மா, வலிக்குதா?"

"மானம்தான் வலிக்குது. மேல கூட்டிட்டுப் போ, மறுபடி விழணும்."

அன்று சாயங்காலம் வரை விழுந்தேன். கடைசியில் சறுக்கத் தொடங்கிய இடத்திலேயே நின்றேன். அந்தக் கோடாலி பனியைக் கவ்விப் பிடித்த அந்த நொடி இருக்கிறதே மாப்பிள்ளை, அதை எப்படிச் சொல்வேன். போய்க்கொண்டே இருந்த ஒன்று நின்றது. நான் அப்படியே குப்புறக் கிடந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

உடம்பெல்லாம் நீலம். ஆனால் நன்றாகத் தூங்கினேன். நீங்களும் நன்றாகத் தூங்குங்கள்.

தூரான்


ஹமதான்
தேய் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. சாலையெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது, தபால் வண்டி எங்கேயாவது நின்றிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

நான் சுகம். பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொள்கிறோம். கால்களை அகட்டி வைத்து வாத்து மாதிரி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் பல் மறு காலின் கால்சட்டையைக் கிழித்துவிடும். என்னுடையது இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது.

நேற்று ஃபரங்கீஸ் கேட்டாள், "அம்மா, ஒரு பயிற்சியும் விடாம வர்றீங்க. அப்படி என்னம்மா இருக்கு உங்களுக்கு இந்த மலையில?"

"வீட்டுல இருந்தா யோசனை வருது. இங்க அடுத்த காலை எங்க வைக்கிறதுங்கிற யோசனை மட்டும்தான்" என்றேன்.

தொலைபேசி உள்ள பக்கத்து வீட்டு அம்மாளிடம், எந்த நேரம் மணி அடித்தாலும் என்னை எழுப்பலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

எழுத முடிந்தபோது எழுதுங்கள். அவசரமில்லை.

தூரான்


பூஷெஹர்
தேய் 26

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மன்னியுங்கள். வேலையாக ஷிராஸுக்குப் போயிருந்தோம். இரண்டு வாரம் தங்கும்படி ஆகிவிட்டது. ஒரு படகின் இன்ஜின் அங்கே பழுது பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டோம். எல்லாரும் நலம். நலம் என்று இரண்டு முறை எழுதிவிட்டேனோ தெரியவில்லை. நலம்தான்.

நீங்கள் முன்பு எழுதிய, சறுக்கி நின்ற அந்தக் கடிதத்தை ஷிராஸுக்கும் கொண்டுபோயிருந்தேன். அங்கே ஒரு இரவு அதைப் பலமுறை சத்தமாகப் படித்தேன்.

அத்தை, உங்களை ஒன்று கேட்கிறேன். மலைக்குப் போகாதீர்கள். இல்லை, போங்கள். போகாவிட்டால் கடிதம் வராது. ஆனால் திரும்பி வாருங்கள். வந்து, வந்துவிட்டேன் என்று எழுதுங்கள். இந்த வீட்டில் இப்போது ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்குகிற தெம்பு இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் கையை முத்தமிட்டு,
இஸ்கந்தர்


ஹமதான்
பஹ்மன் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்துவிட்டேன். விரல்கள் எல்லாம் இருக்கின்றன, மூக்கு மட்டும் தோலுரிந்து தக்காளி மாதிரி இருக்கிறது. மூச்சை விட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

வியாழக்கிழமை மிஷான் மைதானத்துத் தங்குகுடில் வரை ஏறினோம். சத்தத்தையெல்லாம் பனி தின்றுவிடுகிறது அங்கே. கம்பளிக்குள் சுருண்டு, பனியை உருக்கித் தேநீர் போட்டுக் குடித்தோம். உங்கள் பேரீச்சம்பழத்தை எல்லாருக்கும் கொடுத்தேன். வெளிப்பையில் வைத்திருந்தது கல்லாகிவிட்டது, நெஞ்சோடு வைத்திருந்ததுதான் பல்லுக்கு இறங்கியது.

காலையில் வானம் கண்ணாடி. இரும்புப் பற்கள் இறுகிய பனியில் கரக், கரக் என்று கடிக்க, வரிசையாக ஏறினோம். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டு விளிம்பைத் தொட்டதும் உச்சிப்பாறை தெரிந்தது. கையை நீட்டினால் எட்டும் போல. எனக்குத் தெம்பும் இருந்தது மாப்பிள்ளை, பெருமைக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் காற்று மாறியது. மேற்கே மேகம் ஒரு அழுக்குப் போர்வை மாதிரி எழுந்து வந்தது. எனக்கு முன்னால் போன ஷஹ்லா நின்றுவிட்டாள். காலையிலிருந்து அவள் ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னாச்சும்மா?"

"கால் எங்க இருக்குன்னே தெரியல. மேலயும் போக முடியல, கீழயும் போக முடியல. என்னை விட்டுட்டுப் போங்க."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பிரசவ அறையில் கேட்டுக்கேட்டுப் பழகியது. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "என் கண்ணைப் பாரு. மூச்சை இழு. மெதுவா விடு. இன்னொரு தடவை." 'முக்கு' என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவளைப் பாறை மறைவில் உட்கார்த்தி, பூட்ஸையும் ஈரக் காலுறையையும் கழற்றினேன். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. என் கம்பளிகளைத் தூக்கி அந்தக் கால்களை என் வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஐஸ் கட்டிகளை வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் "ஐயோ, வலிக்குது" என்று அலறினாள். வலி வந்துவிட்டால் உயிர் இருக்கிறது. காய்ந்த காலுறையை மாட்டிவிட்டேன்.

ஃபரங்கீஸ் வந்து குனிந்தாள். "அம்மா, உச்சி இதோ இருக்கு. நீங்க மத்தவங்களோட போயிட்டு வாங்க. ஷஹ்லாவை நான் பார்த்துக்கறேன்."

உச்சியைப் பார்த்தேன். ஆசையாக இருந்தது. இத்தனை மாதம் விழுந்ததெல்லாம் அதற்காகத்தானே. பிறகு, என் கடிதத்துக்காக வாசலைப் பார்க்கிற ஒரு வீட்டை நினைத்தேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள்.

"நான் இறங்குறேன். மேகத்தைப் பாரு. எல்லாருமே இறங்கணும்னு தோணுது எனக்கு" என்றேன்.

ஃபரங்கீஸ் வானத்தைப் பார்த்தாள். "யாராவது ஒருத்தர் இதைச் சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்தேன். இத்தனை பேர் ஆசையைக் கெடுக்க எனக்கு வாய் வரல" என்றாள். எல்லாரும் திரும்பினோம். குடிலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே மலை காணாமல் போனது. வெள்ளை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முழுக்க அப்படியே அடித்தது.

ஊரில் யாரும் கேட்டால், 'என் மாமியார் உச்சியைத் தொடவில்லை' என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஷஹ்லா நேற்று ஒரு பானை ஆஷ் சூப்போடு வந்தாள், பத்து விரலாலும் நடந்து வந்தாள்.

திரும்பி வந்த,
தூரான்


பூஷெஹர்
பஹ்மன் 27

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எங்கள் நலம் கூடியது. முதல் வரியைப் படித்ததும் நீங்கள் சொன்னபடியே மூச்சை விட்டோம். பிறகு மீதியைச் சத்தமாகப் படித்தேன். கால்களை வயிற்றில் வைத்துக்கொண்ட இடத்தில் படிப்பதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது, கேட்டவர்கள் அழுததால். கேட்டவர்கள் என்றால் யார் என்று கேட்காததற்கு நன்றி.

ஹைதரிடம் சொன்னேன். "உச்சி வரைக்கும் போயி திரும்புற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். உச்சியைப் பார்த்துட்டுத் திரும்புற ஆளு உன் மாமியார்தான்" என்றான். அவன் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இன்னும் கொஞ்ச நாள்தான் அத்தை. வேண்டிக்கொள்ளுங்கள். எதற்கென்று தெரியாமலே வேண்டிக்கொள்ளுங்கள்.

இஸ்கந்தர்


பூஷெஹர்
எஸ்ஃபந்த் 15

என் அம்மாவுக்கு,

நான் சுகம். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளும் சுகம். மூன்று வாரம் முந்திக்கொண்டாள், இருந்தாலும் நல்ல எடை. இங்கே மருத்துவச்சி முதுகில் தட்டுவதற்கு முன்பே கத்திவிட்டாள். இவர் தந்தி கொடுக்க ஓடினார். நான்தான் தடுத்தேன். தந்தியில் "குழந்தை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் மீதியைப் படிப்பதற்குள் நீ விழுந்துவிடுவாய். உட்கார முடிந்ததும் நானே எழுதுகிறேன் என்றேன். இதோ உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று சொல்கிறேன். முதல் இரண்டு முறையும் நீ வந்தாய். ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளை தங்காதபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாங்கிய கை வெறுமனே மடியில் கிடந்தது. என் வலியை நான் தாங்கிக்கொண்டேன், அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்த முறை, கையில் பிள்ளை இருந்தால்தான் அம்மாவிடம் சொல்வேன் என்று இவரிடம் சத்தியம் வாங்கினேன்.

ஆனால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஆபான் மாதமே தெரியும். மெஹ்ரில் நீ எழுதியதில் என்னைப் பற்றிப் பத்துக் கேள்வி. அடுத்ததில் ஒன்றுகூட இல்லை. என்னைப் பற்றிக் கேட்காமல் என் அம்மா ஒரு கடிதத்தை முடித்தாள் என்றால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இவரிடம் சொன்னேன், "அம்மா கண்டுபிடிச்சுட்டா. பேசாம இருங்க. அவளும் பேசாம இருக்கா."

தேய் மாதத்தில் ரத்தம் கண்டது. ஷிராஸ் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் சறுக்கிப் போகிற மாதிரியே இருந்தது. நின்றது, அம்மா. அந்த நாளைப் பற்றி இனி பேச வேண்டாம்.

நௌரூஸ் புத்தாண்டுக்கு வா. தொட்டில் கட்டத் தெரியாமல் இவர் படகு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். பெயர் இன்னும் வைக்கவில்லை, நீ வந்துதான்.

உன்
நஸ்தரன்


ஹமதான்
எஸ்ஃபந்த் 25

என் கண்ணே நஸ்தரன்,

நீ சுகம், அவள் சுகம், மாப்பிள்ளை சுகம். இந்த மூன்றையும் நானே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.

நௌரூஸ் நெருக்கடியில் தபால்காரரைத் தெருவில் காணவில்லை, அதனால் தினமும் நானே தபால் நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன். இன்று உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். இத்தனை மாதம் கழித்து உன் கையெழுத்து. வீடு வரை பொறுக்க முடியவில்லை. அங்கேயே கிழித்துப் படித்தேன், இரண்டாவது வரி வரைதான். அப்புறம் மூட்டை கட்டுகிற பலகையில் உட்கார்ந்து, பத்து வருடமாக அழாத அழுகையெல்லாம் அழுதேன். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் தண்ணீர்க் குவளையோடு ஓடிவந்தான்.

"அம்மா, யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் சாகலப்பா" என்றேன். "அதுக்குத்தான் அழுறேன்."

உன் அம்மா,
தூரான்